சீயக்காய் தேய்த்துக் கழுவிய தரை

மதினி,

நேற்று ஆட்டம் பார்க்க என் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் சாந்தி, அவள் புருஷன், அதாவது உங்கள் மகன் முருகேசன். சின்ன டிவியில் பந்து தெரியாது என்று தன் வீட்டுப் பெரிய டிவியைத் தூக்கிவந்த பக்கத்து வீட்டு ஜமீலா. நம் பேத்திக்குப் பந்து பழக்கிய காந்திமதி டீச்சர். நான். ஆட்டம் முடிந்த பிறகு லட்டுப் பொட்டலத்தோடு வந்த ஒருவர். அவர் பெயரைக் கடைசியில் சொல்கிறேன். அப்புறம் உங்கள் நீல நாற்காலி. அதில் யாரையும் நான் உட்காரவிடவில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் தலைக்குக் குளித்திருந்தேன். ஈரம் காயாத தலையில் சீயக்காய் வாசனை. டிவியில் கண்ணாடி மாதிரி மின்னுகிற ஒரு மரத்தரை. வாசனையும் தரையும் சேர்ந்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

பதினாறு வயதுப் பெண்பிள்ளைகள் நாடு நாடாக வந்து மோதுகிற கூடைப்பந்துப் போட்டி, கடல் தாண்டி எங்கேயோ. நம் பேத்தி பேச்சியம்மாள் நெஞ்சில் இந்தியா என்று எழுதிய சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாள் என்பது நீங்கள் பிடிவாதமாக வைத்த உங்கள் குலசாமி பெயர். அவள் தவழுகிற வரைக்கும் நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணப் பந்தியில் என் தங்கச்சிக்கு இலை போடாமல் விட்டவர்களின் சாமியை நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? அன்றிலிருந்து நமக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நீங்கள் ராயகிரியில், நான் தென்காசியில்.

நம்மைப் பேசவைத்தது பேச்சி விழுந்த அந்தச் சீசன்தான். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் குற்றாலத்தில் வண்டி நிறுத்த இடமிருக்காது. எங்கள் தெருக்கோடியில் பிள்ளைகள் விளையாடும் சிமெண்டுத் தரையின் கேட்டைத் திறந்து, சாவி வைத்திருந்தவர் வேன்களை உள்ளே விட்டார். வேன்கள் போனபின் எண்ணெய் நின்றது. எண்ணெய்மேல் சாரல் விழுந்தது. பேச்சி வளையத்துக்குத் துள்ளினாள், வழுக்கினாள், முழங்கால் திரும்பிவிட்டது. இனிமேல் நடக்கலாம், துள்ள முடியுமா என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தீர்கள். என் வாசலை மிதிக்கவில்லை. நேரே அங்கே போய், ஒரு பை சீயக்காய்த்தூளைக் கொட்டி, தேங்காய் நாரால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாத்துக்கிட்டே நிக்கியளே மதினி, ஒரு குடம் தண்ணி கொண்டாரப்பிடாதா?"

கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. கொண்டுவந்தேன். சாயங்காலம் என் வீட்டு நீல நாற்காலியைக் கேட்டு வாங்கி, வளையத்துக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தீர்கள். வேன் வந்தது, ஹாரன் அடித்தது, சாவிக்காரர் வந்தார். ஒரு ராத்திரிதானே ஆச்சி, எந்திரிங்க என்றார். நீங்கள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஏத்தச் சொல்லும். எம் பேத்தி முட்டு போன எடத்துல எங் காலும் போவட்டும்."

வேன் பின்னால் போனது. சீசன் முடிகிற வரை நீங்கள் ராயகிரிக்குத் திரும்பவில்லை. நாற்காலி உங்களுக்கு, முக்காலி எனக்கு.

கட்டுப் போட்ட காலோடு வந்த பேச்சி உங்களை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே வளையத்துக்குப் பந்து எறிய ஆரம்பித்தாள். பொறுக்கிப் போடுவது நாம் இருவரும். "அவ ராணி மாதிரி இருக்கா, நாம நாய் மாதிரி ஓடுதோம்" என்று மூச்சு வாங்கச் சிரித்தீர்கள். கால் ஊன்றத் தொடங்கிய பிறகு, ஈரம் போக அவள் ஷூவின் அடியை உள்ளங்கையால் துடைப்பாள். உங்களுக்கு அருவருப்பு. செருப்படியைத் தொட்ட கையாலேயா சோறு திங்கப்போற ஏட்டி என்பீர்கள். உங்களைச் சீண்டவே இன்னொரு தடவை துடைப்பாள்.

போன ஐப்பசியில் நீங்கள் போய்விட்டீர்கள். இந்தச் சட்டையைப் பார்க்கவில்லை.

நேற்று கடைசிக் கட்டத்தில்தான் அவளை இறக்கினார்கள். முடிய நொடிகள்தான் பாக்கி, இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். வளையத்துக்குத் துள்ளியவளைத் தாய்லாந்துப் பிள்ளை ஒருத்தி இடித்தாள். பேச்சி விழுந்தாள். அதே முழங்கால். முருகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்துவிடு, தோற்றாலும் பரவாயில்லை, எழுந்து மட்டும் விடு என்று நான் உங்கள் சாமியைத்தான் கூப்பிட்டேன், மதினி.

எழுந்தாள். இடித்ததற்காக, யாரும் மறிக்காத இரண்டு எறி கொடுத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கோட்டில் நின்று ஒரு காலைத் தூக்கி உள்ளங்கையால் அடியைத் துடைத்தாள். மற்றக் காலையும் துடைத்தாள். அங்கே மரத்தரை, ஒரு பொட்டு ஈரம் கிடையாது. நான் மட்டும் சிரித்தேன்.

முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போனில் வந்தாள். அழுதிருந்த குரல்.

"முட்டு வலிக்கல ஆச்சி. நாளன்னைக்கும் ஆட்டம் இருக்கு, என்னய மொதல்லயே எறக்குதாங்களாம்."

இப்போதும் சாரல் காலத்தில் காலையில் ஒரு பிடி சீயக்காயோடு அங்கே போகிறேன். தெருப் பிள்ளைகள் வருவதற்குள் வளையத்தடியைத் தேய்த்துவிடுவேன். முதுகு பிடிக்கிறது, விடுவதில்லை.

லட்டோடு வந்தவர் நம்ம கிரவுண்டில் வளர்ந்த பிள்ளைல்லா என்று எல்லோருக்கும் நீட்டினார். எல்லோரும் எடுத்தார்கள். நீல நாற்காலியை இழுத்தார். அது எங்க மதினி சேரு என்றேன். நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் நீங்கள் என் கையைப் பிடித்து, அவன விட்டுருங்க மதினி, பிள்ளதான் நடந்துட்டாளே என்றீர்கள். நீங்கள் சொன்ன மற்றதையெல்லாம் கேட்கிறேன். பேத்தியை உங்கள் சாமி பெயர் சொல்லியே கூப்பிடுகிறேன். பந்தியில் இலை போடாததைக்கூட விட்டுவிட்டேன். இதை விட மாட்டேன். அவள் கோப்பையோடு வந்து இறங்கினாலும் விட மாட்டேன். லட்டோடு வந்தவர் அந்தச் சாவிக்காரர்தான், கீழத்தெரு சங்கரபாண்டி.