கட்டம் போட்ட பிஸ்கட்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்தே காற்று. மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டு வேப்பமரத்தில். கம்பு வைத்து இழுத்தேன்.

வாஃபிள் மேக்கரைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. நாத்தனார் விஜயா குவைத்திலிருந்து வந்தபோது விட்டுப் போனது. இரண்டு தட்டு, புத்தகம் மாதிரி திறந்து மூடுகிறது. உள்ளே முழுக்கக் கட்டம் கட்டமாகக் குழி. மாவு ஊற்றி மூடினால் கட்டம் போட்ட அப்பம். ஆனால் மைதா அப்பம். என் வீட்டுக்காரருக்கு மைதா ஆகாது.

தை மாதம்தான் திருச்சி டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். இரண்டு வருட வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, வாய்ப்புண், கழுத்தெலும்பு தெரிய மெலிந்தது, எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். கோதுமையில் இருக்கிற குளூட்டன். மருந்து கிடையாது. தொடாமல் இருக்க வேண்டும். "ஒரு துணுக்குகூட உள்ள போகக் கூடாதும்மா."

இவர் மினிபஸ் டிரைவர். குளத்தூர், கீரனூர், திரும்பக் குளத்தூர். பரோட்டாவை விட்டதுகூடப் பெரிதில்லையாம். பதினோரு மணி டீக்கு பிஸ்கட் இல்லாததுதான். "வெறும் டீ குடிக்கிறது கசாயம் குடிக்கிறாப்ல இருக்கு மலரு."

வீட்டில் ஓவன் இல்லை. விஜயாவுக்கு போன்.

"அண்ணி, அதுலயே பிஸ்கட் சுடலாங்க. இங்க ஒரு அக்கா சுடுறாங்க. மாவக் கெட்டியாப் பெசஞ்சு உருட்டி வச்சு மூடுங்க."

அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. மீதியை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் நல்லதுக்குத்தான். ரொம்ப நாளாயிற்று எதையாவது கண்டுபிடித்து.

குழிக்குள் விஜயா சுட்ட மைதாத் துகள், கருகிப்போய். பழைய பல் பிரஷ், ஈரத்துணி சுற்றிய குச்சி. ஒரு மணி நேரம். இடுப்பு விட்டுப் போயிற்று.

ஜூலை 7, திங்கள்

நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடைக்கு அரை நாள் லீவு. மில்லில் பச்சரிசி, தினை இரண்டும் அரைத்து வாங்கி வந்தேன். இத்தனை மாதமாகச் சோறு, இட்லி, தோசை என்று வீட்டு கிரைண்டரோடு ஓடிவிட்டது. மில் பக்கம் போயே நாளாயிற்று.

முதல் ஈடு: அரிசி மாவு, நெய், நாட்டுச்சர்க்கரை. மூடியைத் திறந்தால் பாதி மேல் தட்டில், பாதி கீழ்த் தட்டில். மாவைப் பிடித்து வைக்கிற பசையே அந்த குளூட்டன்தானாம். அது இல்லாமல் எதை வைத்துப் பிடிப்பது?

இரண்டாம் ஈடு: ஒரு முட்டை. பிடித்தது. ஆனால் மெத்து மெத்தென்று பணியாரம்.

மூன்றாவது: தினை பாதி, அரிசி பாதி, வறுத்த கடலைப்பொடி, முட்டையில் மஞ்சள் கரு மட்டும். பிசைந்து ஃப்ரிட்ஜில் அரை மணி. நெல்லிக்காய் அளவு உருண்டை. பச்சை விளக்கு எரிந்ததும் வைத்து, அழுத்தாமல் மூடி, மூன்று நிமிடம்.

கவனிக்க: சூட்டோடு தூக்கினால் உடைகிறது. திறந்து போட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். தட்டில் வைத்தால் அடியில் வேர்த்து நமத்துப்போகிறது. சல்லடையில் வைத்தால் மொறுமொறு. ஆறினால் ஏன் கெட்டியாகிறது? நெய்யா, சர்க்கரையா? தெரியவில்லை.

ஒன்றைக் கடித்தேன். பிஸ்கட்! சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

டப்பாவில் பன்னிரண்டு. எண்ணி அடுக்கிக் கொடுத்தேன். மத்தியானம் போன், பின்னால் ஹாரன் சத்தம்.

"கண்டக்டர் கேக்குறான், எந்தக் கடைலண்ணே வாங்குனீங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க வீட்டு பேக்கரின்னு சொன்னேன்."

கடையில் நாள் முழுக்க ஆதார் ஜெராக்ஸ். ஒன்றும் அலுப்பாகத் தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

நேற்றும் இன்றும் சுட்டேன். ஏலக்காய் போட்டது நன்றாக வந்தது. எழுத வந்தது அது இல்லை.

இன்று நடுவழியில் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கருவேலங்காட்டுக்குள் ஓடியிருக்கிறார். முப்பது பேர் வண்டிக்குள். முதலாளிக்குப் போன் போய்விட்டது. "இன்னொரு தடவ இப்படின்னா வேற டிரைவரப் பாத்துக்கிறேன்" என்றாராம். போன வருடமும் இதே பேச்சு கேட்டோம்.

முகம் வெளுத்து வந்து படுத்தார். ஆறு மாதமாக ஒன்றும் இல்லாமல் இருந்ததே.

ஜூலை 11, வெள்ளி

பக்கத்து வீட்டு சரசக்கா குழாயடியில்: "ஒன் வீட்டுக்காரர நேத்து கீரனூர்ல பரோட்டாக் கடைக்குள்ள பாத்தேன் மலரு. சொகமாயிருச்சா?"

வந்ததும் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

"டீ குடிச்சேன். கண்டக்டர் தின்னான், நான் எதுக்க உக்காந்திருந்தேன்."

"ஒரு வாய்கூட வைக்கலையா?"

"வைக்கல."

"அப்ப வயிறு எப்படிங்க கெடும்? காத்துலயா கெட்டுச்சு? நான் இங்க மாவும் கையுமா நிக்கிறேன், நீங்க அங்கிட்டு..."

 பிஸ்கட் டப்பாவை எடுத்து மேடையில் வைத்தார். "இது இனிமே வேணாம்."

சாப்பிடாமல் போனார்.

ஜூலை 12, சனி

பேச்சு இல்லை. "சாவி", "வாரேன்", இரண்டு வார்த்தை. டப்பாவில் ஏழு மீதி. நானே தின்றேன். நன்றாகத்தான் இருக்கிறது, அதுவே எரிச்சல்.

ஜூலை 14, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. கடையில் கூட்டம் இல்லை. அதே பரோட்டாக் கடை யோசனை. சும்மா ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

செவ்வாய்: இட்லி, சோறு, பிஸ்கட்.
புதன்: தோசை, சோறு, பிஸ்கட். அன்றே கொல்லைக்கு இரண்டு தடவை போனார், நான்தான் வெயில் சூடு என்று விட்டுவிட்டேன்.
வியாழன்: பிஸ்கட். பஸ் நின்றது.
வெள்ளி: டப்பா திரும்பியது.
சனி: பரவாயில்லை. ஞாயிறு: நன்றாக. இன்று காலை நாலு இட்லி கேட்டுச் சாப்பிட்டார்.

பரோட்டாக் கடையில் உட்கார்ந்தது வியாழன். வயிறு கெட ஆரம்பித்தது புதன்.

தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தேன். 

ஆனால் எப்படி? அரிசி, தினை, கடலை, நெய், முட்டை, சர்க்கரை. இதில் எதில் கோதுமை? மெஷினைத் தேய்த்துவிட்டேனே. வீட்டுக்கு வந்து மாவைத் தொட்டு முகர்ந்தேன். மாவு வாசம்தான்.

ஜூலை 15, செவ்வாய்

கால் படி அரிசியோடு மில்லுக்கு. இந்தத் தடவை வெளியே நிற்கவில்லை, உள்ளே போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா. அவர் தூக்குவாளியைத் தூக்கி மெஷின் வாயில் கொட்டினார். கோதுமை.

அது அரைபட்டு முடிந்தது. மில்காரர் மாவு விழுகிற துணிப்பையை இரண்டு தட்டுத் தட்டினார். அதே வாயில் என் அரிசி.

"அண்ணே, ஒரே மெஷினா?"

"ஆமா ஆத்தா. மொளகாக்கு மட்டும் தனி."

"கோதுமை இதுல கலக்காதா?"

"மொதப் புடி கலக்கத்தான் செய்யும். கல்லு இடுக்குலயும் கொஞ்சம் நிக்கும். அதுனால என்ன, திங்கிற சாமான்தானே. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

நானும் கேட்டதில்லை. டாக்டர் சொன்ன துணுக்கு இங்கே இருந்திருக்கிறது. நானே அரைத்து, உருட்டி, எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஸ்டாண்டுக்கு. பஸ் கிளம்பத் தயார், இவர் சீட்டில். ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

"ஏங்க, பரோட்டா இல்ல. என் பிஸ்கட்டுதான். மில்லுல கோதுமை அரைச்ச மெஷின்லயே அரைக்கிறாங்க. நான் பேசுனது தப்பு."

ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். "பிஸ்கட்டுதான்னு எனக்குத் தெரியும்."

"என்னது?"

கண்டக்டர் விசில் ஊதினான். "மத்தியானம் வந்து பேசுவோம்" என்பது போல் ஏதோ கையைக் காட்டினார், பஸ் போய்விட்டது. சேலை முழுக்க மாவோடு நான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"எப்பத் தெரியும்?"

"புதன்கெழமையே. புதுசா வயித்துக்குள்ள போனது அது ஒண்ணுதானே."

"அப்புறமும் எதுக்குத் தின்னீங்க?"

"நீ அந்தச் சல்லடையப் பாத்து நின்ன நிப்பு இருக்கே. எப்படிச் சொல்றது?"

"நான் பரோட்டான்னு கத்துனேனே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுல்ல?"

"பரோட்டான்னா நீ கோவப்படுவ. பிஸ்கட்டுன்னா அழுவ. கோவம் ரெண்டு நாள்ல போயிரும்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, வெள்ளிக்கிழமையைவிட அதிகமாக. "வண்டிய விட்டு எறக்கியிருந்தா? மறுபடி ஒடம்பு விழுந்திருந்தா? எனக்காக வெசத்தத் தின்னீங்களா? வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

ஜூலை 20, ஞாயிறு

மில் மாவு மொத்தமும் சரசக்காவுக்கு. அவருக்கு எல்லாம் செரிக்கும்.

பச்சரிசி ஊறவைத்து நிழலில் உலர்த்தி மிக்ஸியில். தினையை நாலு தண்ணீரில் அலசிக் காயவைத்து, கல், தூசி, வேறு தானியம் பார்த்துப் பொறுக்கி, அதுவும் மிக்ஸியில். மூன்று தடவை சலிப்பு. மில் மாவு அளவுக்கு மென்மை இல்லை, கொஞ்சம் நறநற. வாஃபிள் மேக்கருக்கு மறுபடி பல் பிரஷ், புதிதாக ஒன்று. மூடியில் பிசுக்கு போகவே இல்லை, போகட்டும்.

வியாழன் இரண்டு கொடுத்தேன். வெள்ளி மூன்று. வயிறு ஒன்றும் சொல்லவில்லை. நேற்றும் ஒன்றும் இல்லை. தினமும் கேட்டேன், தினமும் நேராகப் பதில் சொன்னார்.

இன்று லீவு. சுவை கூடட்டும் என்று மாவில் உப்பும் போட்டிருந்தேன். மெஷின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திறந்து ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னேன், பொறுத்தார். சல்லடையில் ஆறிய ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"கோவப்படக் கூடாது."

"சொல்லுங்கங்க."

"உப்பு ரொம்பத் தூக்கல்."

நானும் ஒன்று எடுத்துக் கடித்தேன். ஆமாம். கரிக்கிறது.