இரண்டு தகடுகள்

ஆனி கடைசிச் செவ்வாய். குற்றாலச் சாரல் தென்காசி வரைக்கும் அடிக்கிறது.

இன்று என் மைத்துனன் இசக்கியைக் கொன்றிருப்பேன்.

ஜீப்புக்கு வாங்கிய இரும்புப் பம்பரையும், புதைந்த வண்டியைக் கம்பி சுற்றி இழுக்கும் வின்ச்சையும் நேற்று நானே மாட்டினேன். பெட்டியில் கனமான இரண்டு தகடுகள் மிச்சமிருந்தன. பார்சல் நசுங்காமல் இருக்க வைத்த இரும்பு என்று முடிவு செய்து, கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். கூட வந்த தாளெல்லாம் இங்கிலீஷ். கடைக்காரனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இசக்கி சொன்னான்.

“அத்தான், அது பம்பரத் தாங்க சேசிஸ்ல மாட்டுத தகடு மாதிரில்லா இருக்கு?”

“முப்பது வருசமா இந்த ஜீப்பப் பிரிச்சு மாட்டுதேன்லே. நீ எனக்குப் படிச்சுக் குடுக்கியா?”

பழைய பம்பரின் சின்ன போல்ட்டுகளிலேயே முறுக்கினேன்.

இன்று தோப்பு ஓடையில் வண்டி சேற்றில் புதைந்தது. இசக்கி வின்ச் கம்பியை மாமரத்தில் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றான். நான் ஸ்விட்சை அழுத்தினேன். வண்டி அசையவில்லை. பம்பர்தான் வின்ச்சோடு பிய்ந்து பறந்து, அவன் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி மரத்தில் மோதியது. பட்டை உரிந்து தொங்கியது.

“அங்கன ஏம்லே நின்ன?” என்றுதான் என் வாயில் வந்தது. அவன் குனிந்து கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தான்.

வீட்டில் என் மனைவி தம்பியைப் பார்த்ததும், “ஏம்லே மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?” என்றாள்.

“வண்டி சேத்துல மாட்டிக்கிட்டுக்கா. வேற ஒண்ணுமில்ல.”

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் உள்ளதைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.