பேச்சிராஜா போட்ட மாலை

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வேல்ராஜுக்கு, அம்மா பேராச்சி எழுதுவது. இங்கே நான் சுகம், பிரம்மநாயகம் சித்தப்பா வீட்டிலும் சுகம். அங்கே கனடாவில் நீயும் மாலதியும் என் ராசாத்தி மிதுனாவும் சுகமாக இருக்க வேண்டும். எல்லோரும் சுகம் என்று எழுதியே பழகின கை இந்தத் தடவை அந்த இடத்தில் நின்றுவிட்டது, அதனால் ஒவ்வொருத்தர் பேராக எழுதிவிட்டேன். நீ தமிழ் வாசிக்கத் தடுமாறுவாய் என்று பெரிய எழுத்தாகவே எழுதியிருக்கிறேன். எழுத்துக் கூட்டியாவது நீயே படி, மாலதியை வாசிக்கச் சொல்லிக் கேட்காதே. சித்தப்பா மகள் போட்டோ பிடித்து போனில் அனுப்புகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். போனில் வந்தால் திறக்காமல் விட்டுவிடுவாய், கவர் என்றால் கிழித்துத்தானே ஆக வேண்டும்.

நான் நாசிக்குக்கு நடந்து போய் வந்தது உனக்குக் கோபம் என்று மாலதி சொன்னாள். சுகர் உடம்பை வைத்துக்கொண்டு, தம்பி பேச்சிராஜா போன ஈரம் காய்வதற்குள், நமக்குச் சம்பந்தமில்லாத கோயிலுக்கு அம்மா எதற்கு நடந்தாள் என்று கேட்டாயாம். அவளிடம்தான் கேட்டாய், என்னிடம் கேட்கவில்லை. தம்பியைத் தூக்கின அன்று, அவன் பக்கத்து மிஷினில் பை தைக்கிற ஷகீல் போனைத் தூக்கிப் பிடித்து உனக்குக் காட்டிக்கொண்டே வந்தானே, அதில் உன் முகத்தைப் பார்த்ததுதான். அதற்குப் பிறகு உன் குரல் எனக்கு வரவில்லை. பனியில் விமானம் ஓடவில்லை, நீ எப்படி வருவாய், இங்கே யாரும் அதைக் குறையாகப் பேசவில்லை. பேசினால் நான் விடுவேனா. சரி, நீ கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மிதுனா மாதம் முந்திப் பிறந்து அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாளே, நீ போனில் பேசவே முடியாமல் வைத்துவிடுவாயே, அந்தச் சமயம் தம்பி ஒரு புதன்கிழமை மாகிம் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி வைத்தான். நம்ம தெருவில் புதன்கிழமை அங்கே போகாத வீடு எது. அங்கே சூசைமாணிக்கத்தைப் பார்த்திருக்கிறான். அவர் வருஷா வருஷம் குழந்தை ஏசு திருவிழாவுக்கு நாசிக் வரைக்கும் ஆட்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போகிறவர். பிள்ளை பிழைத்தால் நானும் செபமாலை போட்டு நடந்து வருகிறேன் என்று தம்பி நேர்ந்துகொண்டான். பிள்ளை பிழைத்தாள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஆர்டர் இருக்கிறது, ஆள் இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தான். மிதுனா நீச்சலில் மெடல் வாங்கின படம் வந்ததே, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எம்மா, மீனு மாதிரில்லா போறா, இனியும் நான் நடக்கலன்னா குழந்த ஏசு எறங்கி வந்து என்னயச் சாத்திருவாரு" என்று சிரித்தான். புது வருஷத்தன்று மாலையைப் போட்டான். அண்ணனிடம் சொல்லட்டுமா என்றேன், நடந்து முடித்துவிட்டு நானே சொல்லுகிறேன் என்றான்.

அதற்கு அடுத்ததுதான் உனக்குத் தெரியுமே. பொங்கலுக்கு முன்னால் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் வாட்சையும் மாலையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். சாம்பலைக் கரைக்கச் சித்தப்பா கார் பிடித்து நாசிக் கோதாவரிக்குப் போனார். நானும் வருகிறேன் என்றதற்குப் பொம்பளையாள் வரக்கூடாது என்றார், சரி என்று இருந்துவிட்டேன். வாட்சை அலமாரியில் வைத்தேன். மாலையை எங்கே வைப்பது. போட்டவன் குழந்தை ஏசு கோயிலில் போய்த்தான் கழற்ற வேண்டும். சாமி படத்தில் மாட்டலாம் என்றால் ஒரு வருஷத்துக்கு வீட்டில் தீட்டு, விளக்குகூட ஏற்றவில்லை. தூக்கிப் போடுகிற பொருளும் இல்லை. நேர்ந்தது பாதியில் நிற்கிறது, நின்றால் யார் தலையில் நிற்கும், என் பேத்தி தலையில்தானே. அந்த நாட்களில் என் புத்திக்குள் இருந்தது அது ஒன்றுதான். சாப்பிடு என்றார்கள் சாப்பிட்டேன், படு என்றார்கள் படுத்தேன். அழுதுவிடு, அழுதுவிடு என்றார்கள், அது மட்டும் வரவில்லை. பானை காலியாக இருந்தால் என்னத்தைக் கவிழ்ப்பது.

பதினாறாம் நாள் கழிந்ததும் மாலையை எடுத்துக்கொண்டு சூசைமாணிக்கத்தைப் பார்க்கப் போனேன். "குடுங்கக்கா, நானே கொண்டுபோயி வச்சிருதேன்" என்றார். அது முடியாது, நானே நடக்கிறேன், ஆனால் எனக்குத் தீட்டு இருக்கிறது, உங்கள் கோயிலுக்குள் விடுவீர்களா என்று கேட்டேன். "எங்க கோயில்ல தீட்டு பாக்க மாட்டாவ, ஒங்களுக்குச் சுகருதான் பாக்கணும். நடந்துருவியளா?" என்றார். முப்பது வருஷம் குழாயடியிலிருந்து மாடிக்குத் தண்ணீர் சுமந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று சொல்லிவிட்டு வந்தேன். சித்தப்பாவிடம் சொன்னேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன்னிடம் சொன்னால் வேண்டாம் என்பாய் என்று மறைத்தேன், அது என் தீர்மானம், மாலதிக்கும் தெரியாது, அவளைக் கோபிக்காதே.

கிளம்பின காலையில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் சூசைமாணிக்கம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் வழக்கம் அது. எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் மாலை போட்ட அத்தனை பேரையும் மனப்பாடமாகக் கூப்பிடுவார், அவரவர் இருக்கேன் என்று சொன்ன பிறகுதான் கூட்டம் நகரும், லாரி ஓடுகிற ரோட்டில் ஆள் தவறிவிடக் கூடாது பார். புது வருஷத்தன்று மனப்பாடம் செய்த வரிசையிலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தவர் வாய் தவறிப் பேச்சிராஜா என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் மாலை இருந்த பையைத் தூக்கிக் காட்டி, இருக்கான் என்றேன். அவர் அடுத்த பேருக்குப் போனார். அதிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் அவன் பேரைக் கூப்பிட்டார், நானும் இருக்கான் என்றேன். என் பேரைக் கூப்பிடவில்லை. நான் மாலை போடவில்லையே, சுமக்கிறவள்தானே.

அன்று சயான், முலுண்டு எல்லாம் தாண்டித் தானாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மாலை போட்டவன் செருப்புப் போடமாட்டான் என்று நானும் வெறுங்காலோடுதான் நடந்தேன். பையை எங்கேயும் கீழே வைக்கவில்லை. உட்கார்ந்தால் மடியில், படுத்தால் சுவரில் ஆணி தேடி மாட்டுவேன், ஆணி இல்லாவிட்டால் நெஞ்சு மேல். சாம்பல் கொண்டு போகிறவர்கள் வழியில் தரையில் வைக்கமாட்டார்கள், எனக்குத் தெரிந்தது அந்த முறைதான். வடாலாவில் இட்லி விற்கிற ரெஜினாள் என்று ஒருத்தி, என் வயசுதான், வாய் சும்மா இருக்காது, என் பக்கத்திலேயே வந்தாள். "மயினி, அது செபமால, எலும்பு இல்ல, கீழ வச்சா பூமி பொளந்துராது" என்று பரிகாசம் செய்வாள். நான் வைக்கவில்லை. ஒதுங்கப் போகும்போது மட்டும், "எங்கிட்டத் தந்துட்டுப் போ, கொண்டுக்கிட்டு ஓடிற மாட்டேன்" என்று இரண்டு கையையும் நீட்டுவாள். பரிகாசம் செய்தவளும் ஒருநாளும் அதைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் பிவண்டிப் பக்கம் முழுக்கப் புழுதி, லாரி போகிற காற்றில் சேலை நிற்காது. அதைத் தாண்டினால் வழி நெடுக டாபாக்காரர்கள் எங்களைச் சீரடிக்கு நடக்கிறவர்கள் என்று நினைத்து ஓம் சாயிராம் என்று கும்பிட்டு டீ கொடுத்தார்கள், அந்தக் கூட்டமும் அதே ரோட்டில்தானாம் போகும். நான் தயங்கினேன், ரெஜினாள் கும்பிட்டு வாங்கி என் கையிலும் ஒரு கப்பைத் திணித்து, "குடி மயினி, குழந்த ஏசு கோவிச்சுக்க மாட்டாரு, சின்னப்புள்ளதான" என்றாள். நான் சிரித்திருக்க வேண்டும் போல, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முகம் அசைந்தது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஷாப்பூர் வந்ததும் நான் நடந்த தரையில் ரத்தம் இருக்கிறது என்று அவள்தான் கத்தினாள். குதிகாலில் கொப்புளம் உடைந்திருக்கிறது, சுகருக்கு மரத்துப்போன கால், எனக்குத் தெரியவே இல்லை. சட்டி பானை ஏற்றிக்கொண்டு பின்னாலே வருகிற டெம்போவில் ஏறுங்கள் என்று சூசைமாணிக்கம் கோபப்பட்டார். ஏறினால் பேச்சிராஜா டெம்போவில் போனதாகிவிடும், அதற்காகவா நான் வந்தேன், மாட்டேன் என்றேன். கடைசியில் ரெஜினாள் தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டி, மேலே ஒரு சாக்ஸையும் மாட்டிவிட்டாள். புண் இப்போது ஆறிவிட்டது, டாக்டரிடம் காட்டினேன், நீ அதற்குப் பயப்படாதே.

கசாரா மலையேற்றத்தில்தான் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. ஒரு வளைவில் உட்கார்ந்தபோது மிதுனா மெடல் போட்டிருக்கிற படத்தைக் காட்டினேன். வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஐந்தாங்கிளாஸ் படித்த கிழவிக்கு இப்படி ஒரு பேத்தியா என்று ஒருத்தி கேட்டாள், ஆமாம், இங்கிலீஷிலும் பேசுவாள் பிரெஞ்சிலும் பேசுவாள் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் எனக்கே பழைய குரலாகக் கேட்டது. மலை ஏறி முடிகிற வரைக்கும் எல்லோரும் மிதுனா பேருக்குச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். முகம் தெரியாத சனம், தங்கள் தங்கள் கஷ்டத்துக்காகக் கிளம்பி வந்தவர்கள், உன் பிள்ளைக்காகச் சொன்னார்கள். எனக்கு அந்தச் செபம் தெரியாது, மிதுனா மிதுனா என்று சொல்லிக்கொண்டு ஏறினேன். இகத்புரியில் நல்ல குளிர். அதற்கப்புறம் சமதரை, திராட்சைத் தோட்டம், நடை, நடை, அவ்வளவுதான் ஞாபகம்.

நாசிக்கில் அப்படி ஒரு கூட்டம். நடந்து வந்தவர்கள் மாலை கழற்றிப் போட ஒரு கம்பி வைத்திருந்தார்கள். பையிலிருந்து எடுத்து மாட்டினேன். உங்கள் கடன் தீர்ந்தது, பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன், சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன் சலோ சலோ, ஆகே சலோ என்று தள்ளிவிட்டான். தம்பியை நினைக்க நேரம் கிடைக்கவில்லை. வெளியே வந்தால் கை வெறுமையாக இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் ரெஜினாள் கேட்காமலே ஆட்டோ பிடித்து என்னைக் கோதாவரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். யாரோ யாரையோ கரைத்துக்கொண்டிருந்தார்கள். தம்பியைக் கரைத்தது இந்தப் படியில்தானா, அந்தப் படியில்தானா என்று சித்தப்பாவிடம் கேட்டு வரவில்லை. ஒரு படியில் காலை நனைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ரயிலுக்குப் பிளாட்பாரத்தில் நிறுத்திச் சூசைமாணிக்கம் கடைசியாகப் பேர் கூப்பிட்டார். பேச்சிராஜா என்றார். பழக்கத்தில் கூப்பிட்டாரா, வேண்டுமென்றே கூப்பிட்டாரா, எனக்குத் தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையும் காலி. போயிட்டான் என்றேன். அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் என் வாயால் சொன்னேன். அவர் கொஞ்சம் நிறுத்தி, பேராச்சி என்றார். அவ்வளவு தூரத்துக்கும் கூப்பிடாத பேர். இருக்கேன் என்றேன். அப்போதும் அழுகை வரவில்லையப்பா. ஆனால் ரயிலில் ரெஜினாள் வாங்கித் தந்த வடாபாவை முழுசாகத் தின்றேன், உப்புக் கூடுதல் என்று தெரிந்தது.

தம்பி என் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டு போய்விட்டானே என்று நீ மருகாதே. நேர்ந்ததால் அவன் போகவில்லை, அந்த நினைப்பே உனக்கு வரக்கூடாது, அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். மிதுனா தலையில் இப்போது ஒரு பாக்கியும் இல்லை. அவளுக்கு இதையெல்லாம் இப்போது சொல்லாதே, வளரட்டும். நீந்திவிட்டு வந்தால் தலையை நன்றாகத் துவட்டச் சொல். மாலதி வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிறாள், அவளிடம் எரிந்து விழாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, உன் அப்பாவின் பிரஷர் உனக்கும் இருக்கும், போய்ப் பார்த்துவிடு, மறந்துவிடாதே. மூன்று பேரும் நூறு வயசுக்கு நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசில் மிச்சம் இருப்பதும் உங்களுக்குத்தான்.

இந்தக் கவர் கிடைத்ததும் ஒரு போன் போடு. என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம், எனக்கும்தான் பேச்சு இல்லை. நான் வேல்ராஜ் என்று கூப்பிடுவேன். நீ இருக்கேன் என்று சொல், அது போதும்.

உன் அம்மா,
ப. பேராச்சி