எம்மன் சீஃப்ஸுக்கு மாற்றுப் பெயர்

ஒக்டோபர் 7, செவ்வாய்

மழை. முழங்கால் வலி. காலை முழுவதும் பெயர்ப் பட்டியல். எங்கள் பேஸ்பால் அணி வரும் வசந்தத்தில் சம்பளம் வாங்கும் அணியாகிறது. ஆதரவு தரும் நிறுவனம் "சீஃப்ஸ்", அதாவது அமெரிக்கப் பழங்குடித் தலைவர்கள், என்ற பெயரையும், சின்னத்தில் இறகுத் தொப்பி போட்ட அந்தச் சிவப்பு முகத்தையும் மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறது. பெயர்க்குழுவில் கழகத் தலைவரோடு ஐந்து பேர். பதினொரு வருடமாக ஸ்கோர் எழுதுபவன் என்பதால் நானும்.

வந்த பெயர்கள் 38. அகர வரிசையில் எழுதி, மற்றக் கழகங்களிடம் உள்ளவற்றை வெட்டினேன். மீதி 9. நாரைகள், நெசவாளர், புயல்... சுவிஸில், இந்த எம்மன்புரூக்கேயில் புயல் ஏது?

காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க மறந்துவிட்டேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

மாலை 7, கூட்டம். பட்டியலை எவரும் பார்க்கவில்லை. பழைய பெயரே போதும் என்றார் தலைவர் உர்ஸ். சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். எட்டு வருடத்துக்கு முந்திய ஆண்டுவிழா. என் தலையில் இறகுத் தொப்பி, நான் சிரிக்கிறேன்.

"இந்தப் பெயர் இங்கே யாரையாவது புண்படுத்தினால் அது நாதனைத்தான். சொல்லு நாதன், உனக்கு ஏதும் வருத்தமா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்; அந்த அறையில் கறுப்புத் தோல் எனக்கு மட்டும்தான். "பரவாயில்லை" என்றேன்.

அறிக்கையில் ஏறிவிட்டது: நாதனுக்கு ஆட்சேபம் இல்லை. செவ்வாய் வாக்கெடுப்பு.

பொய். அந்த விழாவுக்குப் பிறகு மைதானத்தில் என் பெயரே "சீஃப்". கூப்பிடும்போதெல்லாம் பென்சிலை இறுக்கிப் பிடிப்பேன். ஆனால் நான் அமெரிக்கப் பழங்குடி அல்லவே. என் வருத்தம் இதில் சேருமா? தெரியவில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். மகள் அபிரா பீல் நகரிலிருந்து வந்தாள். அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"அப்பா, ஏன் பரவாயில்லை எண்டனீங்கள்?"

"அவ்வளவு பேருக்கு முன்னால கேட்டா என்னண்டு சொல்லுறது?"

"அவையள் கேட்டவைதானே! கேட்டும் சொல்லாட்டி?"

குசினியில் பாத்திரம் கழுவியபடி மனைவி: "உன்ர கொப்பர் என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் உந்தச் சொல்லைத்தான் சொன்னவர். பரவாயில்லையாம்!"

இருவரும் சிரித்தார்கள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அகதி விசாரணையில், தொழிற்சாலையில், வைத்தியசாலையில், எங்கும் அதே சொல். ஜெர்மன் மொழியில் வேறு சொல் தெரியாமல் அல்ல.

பின்னேரம், கூட்டத்தில் சொல்ல, ஒரு துண்டில் நான்கு வரி எழுதினேன். இரண்டை வெட்டினேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மூடுபனி. பேருந்து பிந்தியது.

வாக்கெடுப்புக்கு முன் எழுந்து நின்றேன். துண்டை மடித்துப் பையில் வைத்தேன். பாடமாகவே சொன்னேன்: "போன கூட்டத்தில் நான் சொன்னது உண்மையல்ல. என்னை சீஃப் என்று கூப்பிடுவது எனக்கு வலிக்கிறது. படம் எடுத்த அன்றும் வலித்தது."

யாரோ கதிரையை நகர்த்தினார்கள்.

பெயரை மாற்ற: 5 பேரும். உர்ஸும்தான். புதிய பெயர் "எம்மன் நாரைகள்", 3–2. நான் போட்டது நெசவாளருக்கு.

வெளியே உர்ஸ் பின்னால் வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"அந்தப் படம் எடுத்த அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாதன், அன்றைக்கே மாற்றியிருப்பேனே."

வீடு வரும்வரை யோசித்தேன். உண்மைதான். மாற்றியிருப்பார்.