சத்தம் பதியாத காட்சி

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்பாய். அதனால் கேட்டுவிட்டதாக வைத்துக்கொள்.

ஒரு செய்தி. சிரிக்கக்கூடாது. நான் படம் எடுக்கப் போகிறேன். பேய்ப்படம், இருபது நிமிஷம். கண்ணாடிக் கடையில் பத்து நாள் லீவு சொல்லியாயிற்று. முதலாளி, "பேய்க்குப் பார்வை மங்கினா நம்ம கடைக்கே கூட்டிட்டு வா" என்று வழியனுப்பினார்.

கேமராவுக்குத் தெருமுனை ஸ்டுடியோக்காரர் வருகிறார். நானூறு கல்யாணம் எடுத்த கை. பேய் எடுப்பது இதுதான் முதல் தடவை. "ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல தம்பி" என்கிறார். நாயகி, மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். அற்புதமாக அலறுகிறாள். அலறி முடித்ததும் விக்கல் வந்துவிடுகிறது, அது நிற்கக் கால் மணி நேரம் ஆகிறது. கதை, இயக்கம், ஒலிப்பதிவு, காபி எல்லாம் நான்.

பேய்க்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கேட்ட நாலு பேரும் முகம் சரியாகத் தெரியாது என்றதும் நழுவிவிட்டார்கள். கடைசியில் அப்பாவைக் கேட்டேன். அருங்காட்சியகத்தில் முப்பது வருஷம் காவலுக்கு நின்ற மனிதர். சின்னப் பிள்ளைகள் அவரையும் சிலை என்று நினைத்துத் தொட்டுப் பார்த்த கதை உனக்குத் தெரியும். "நிக்கணும், அவ்வளவுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "வசனம் இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப சரி" என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

வீட்டிலேயே எடுக்கிறோம். நாயகி உன் அறையில் தங்குகிற மாதிரி கதை. உன் சம்மதம் வேண்டும். போனில் சொல்லாதே. இந்த வீட்டில் போன் பேசினால் கூடத்தில் இருக்கிறவர் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? எழுது.

உன் தம்பி,
வாலு

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

சிரிக்கக்கூடாது என்று எழுதினால் சிரிக்காமல் இருக்க முடியுமா? பரிசோதனைக் கூடத்தில் பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். என் தம்பி பேய்ப்படம் எடுக்கிறான், பேய் என் அப்பா என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை.

அறையைத் தாராளமாக எடுத்துக்கொள். பதினோரு வருஷமாக ஆள் இல்லாத அறையில் பேய் குடிவந்தால் என்ன, நாயகி குடிவந்தால் என்ன. அலமாரியின் மேல்தட்டில் என் பழைய பாடப்புத்தகங்கள் இருக்கும். அவற்றை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே.

தொழில்காரி என்ற முறையில் ஒரு யோசனை. ரத்தம் காட்டுவதாக இருந்தால் தக்காளிச் சாறு நிறத்தில் காட்டாதே. நரம்பிலிருந்து எடுக்கிற ரத்தம் கறுத்துத்தான் இருக்கும். நான் தினமும் எழுபது பேரிடம் எடுக்கிறேன், என்னை நம்பு.

பத்து நாள் லீவு போட்டிருக்கிறாயே, வேலைக்கு வேட்டு வைத்துக்கொள்ளாதே. சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. அவர் எப்படி இருக்கிறார்? நான் போன் செய்தால் இன்னும் அதே பாட்டுத்தான். "இரு, தம்பிகிட்ட தரேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அப்படிப்பட்ட மனிதரை நடிக்க வைத்திருக்கிறாய் என்றால் நீ பெரிய இயக்குநர்தான்.

கதையை அனுப்பு. முழுசாக.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கதையை இணைத்திருக்கிறேன். பெயர் 'தாழ்ப்பாள்'. ஒரு பெண் வாடகைக்கு வீடு எடுக்கிறாள். உள்ளறை ஒன்று எப்போதும் உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. தட்டினால் பதில் வருவதில்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார். அவர் வெளியே வருவதும் இல்லை, அவளை ஒன்றும் செய்வதும் இல்லை. கதவைத் திறக்க முடியாமல் நிற்கிறார், அவ்வளவுதான்.

மூன்று நாள் எடுத்தாயிற்று. பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்குகிறோம். நேற்று ஒரு போர்வை நழுவி, பேயின் முகத்தில் மத்தியான வெயில் பளீரென்று அடித்தது. அப்பா அசையவே இல்லை. கண்கூடச் சிமிட்டவில்லை. கேமராக்காரர்தான் பழக்கதோஷத்தில், "சார், அப்படியே கொஞ்சம் சிரிங்க" என்றுவிட்டார். மருந்துக்கடைப் பெண் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்து, அன்றைக்கு அதோடு வேலை முடிந்தது.

அப்பா கதையைப் படித்தார். நின்றுகொண்டே இரண்டு முறை படித்துவிட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கிக் கையில் கொடுத்தார். நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நன்றாக இல்லையோ என்று கவலையாக இருக்கிறது. நீ படித்துவிட்டுச் சொல்.

உன் தம்பி,
வாலு

பிப்ரவரி 21

தம்பி,

படித்தேன்.

உனக்குக் கதைக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? அம்மா இறந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, நீ போனால் போனதுதான் என்று அவர் சொன்னார். இங்கே வேலை கிடைத்தது தப்பு மாதிரி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கிளம்புகிற அன்றைக்கு, காலை பத்து மணிக்கு, வாசலில் வண்டி நிற்கிறது, நான் அவர் அறைக் கதவைத் தட்டி, "போயிட்டு வரேன்ப்பா" என்றேன். மூன்று முறை சொன்னேன். "போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை. தெருவில் போகிறவருக்குக்கூட நாம் சொல்கிற வார்த்தை. அதற்காக நின்றேன். அப்போது உள்ளேயிருந்து நீதான் குரல் கொடுத்தாய். "அப்பா தூங்குறார்க்கா."

மகள் நாட்டை விட்டுப் போகிறாள், தகப்பன் தூங்குகிறார். அதை மென்று விழுங்கிக்கொண்டுதான் இத்தனை வருஷம் இங்கே இருக்கிறேன். ஒவ்வொரு லீவுக்கும் ஒரு சாக்குச் சொல்லி வராமல் இருந்ததும் அதனால்தான். உனக்குத் தெரிந்திருக்கும், கேட்டதில்லை.

இப்போது நீ எழுதியிருக்கிறாய், அவர் கதவுக்குப் பின்னால் நின்றார் என்று. பார்க்கிறவர்கள் பரிதாபப்படுவார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நடக்காததை எழுதி அவரை நல்லவராக்க நான் நின்ற வாசற்படிதானா கிடைத்தது? அந்தக் காட்சியை நீக்கிவிடு. இல்லாவிட்டால் இந்தப் படத்தைப் பற்றி எனக்கு எழுதாதே.

அக்கா

மார்ச் 3

அக்கா,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் தூங்கவில்லை.

நான் அந்த அறைக்குள் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். நான் என்ன பார்த்தேன் என்பது தெரியாது. நீ முதல் தடவை தட்டியபோதே எழுந்துவிட்டார். கதவுக்கிட்டே வந்து தாழ்ப்பாளில் கை வைத்தார். இரண்டாம் தடவை நீ கூப்பிட்டபோது கதவோடு இன்னும் ஒட்டி நின்றார். மூன்றாம் தடவை தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது, அக்கா. சத்தியமாக நகர்ந்தது. அப்போதுதான் நான் சொன்னேன், அப்பா தூங்குகிறார் என்று. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. அம்மாவும் இல்லை, நீயும் போகிறாய். உன்மேல் அவ்வளவு கோபம். உன்னை நோகடிக்க வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. கதவு திறந்தால் நீங்கள் இரண்டு பேரும் அழுது சமாதானமாகிவிடுவீர்கள், நான் மட்டும் தனியாக நிற்பேன் என்று நினைத்தேன். உன் வண்டி கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் செய்த காரியம் புரிந்தது. அப்பா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருப்பேன். எனக்குத் தைரியம் இல்லை. படமாக எடுத்தால் எப்படியாவது வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன்.

நீ நீக்கச் சொன்ன காட்சியை, உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே படம்பிடித்து முடித்துவிட்டோம். அதையும் கேட்டுவிடு. அவர் அறை உனக்குத் தெரியும், கட்டிலும் அலமாரியும் போக ஒரு ஆள் திரும்ப முடியாது. அதனால் ஒலிப்பதிவுக் கருவியை அலமாரி மேல் வைத்தேன். கேமராக்காரர் கேமராவை முக்காலியில் நிறுத்தி ஓடவிட்டு வெளியே வந்துவிட்டார். அப்பா உள்ளே தாழிட்டுக்கொண்டார். வெளியே மருந்துக்கடைப் பெண் கதவைத் தட்டினாள். நிற்கச் சொன்னேனே தவிர, தாழ்ப்பாளில் கை வைக்கச் சொல்லவில்லை. கை வைக்கிற வரி கதைத்தாளிலும் இல்லை. எழுத எனக்குக் கை வரவில்லை.

பிறகு கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். அப்பாவும் பின்னால் நின்று பார்த்தார். திரையில் அவர் தாழ்ப்பாளில் கை வைக்கிறார். அப்படியே நிற்கிறார். பிறகு பேசுகிறார். வசனமே இல்லாத பேய், கதவைப் பார்த்து ஏதோ நாலைந்து வார்த்தை பேசுகிறது. சத்தம் இல்லை. அந்தக் கருவியை இரண்டு தடவை அழுத்த வேண்டும். முதல் அழுத்தலில் சிவப்பு விளக்கு மினுக்கும், இரண்டாவதில்தான் பதியும். அவசரத்தில் ஒரு தடவை அழுத்திவிட்டு வந்திருக்கிறேன். கேமராவிலாவது இருக்கும் என்று ஓடினேன். கேமராக்காரர் தலையைச் சொறிந்தார். "கல்யாண வீடியோவுக்குப் பாட்டுதானே போடுவோம் தம்பி. மைக்கை அணைச்சு ஆறு வருஷமாச்சு."

மறுபடி எடுக்கலாமா என்று அப்பாவைக் கேட்டேன். "நிக்கச் சொல்லு, எத்தனை நேரம்னாலும் நிக்கறேன். பேசச் சொல்லாதே" என்றார். கேமராக்காரர் விடவில்லை. "டப்பிங்ல சொல்லிடுங்க சார், ரெண்டு நிமிஷ வேலை." அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "அது படத்துக்குச் சொன்னது இல்லப்பா."

அந்தத் துண்டை மட்டும் இணைத்திருக்கிறேன். படத்தில் இருக்கட்டுமா வேண்டாமா என்பது உன் முடிவு. வேண்டாம் என்றால் படமே வேண்டாம், அழித்துவிடுகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன். பக்கத்தில் இருந்திருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பேன். பதினைந்து வயதுப் பையனை மன்னிப்பது சுலபமாகத்தான் இருக்கிறது. இருபத்தாறு வயதுவரை வாயைத் திறக்காதவனைத்தான் மன்னிக்க வரவில்லை. ஒரு வரி எழுதியிருக்கலாமே. எத்தனை லீவு வீணாகப் போய்விட்டது. இந்தக் கோபம் இப்போதைக்குப் போகாது, நேரில் திட்டித்தான் தீரும். ஜூன் மாதம் வருகிறேன். விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன்னையும் தவிக்க விட்டுவிட்டுத்தான் நான் வண்டி ஏறினேன். அதை நான் இதுவரை ஒரு தடவைகூட யோசித்துப் பார்த்ததில்லை. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதுவும் நேரில்.

அந்தத் துண்டைச் சாப்பாட்டு இடைவேளையில் ரத்த மாதிரிக் குழாய்களை அடுக்கும் அறையில் நின்று பார்த்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எவ்வளவு மெலிந்துவிட்டார். காதோரம் முழுக்க நரைத்துவிட்டது, நீ ஒரு கடிதத்திலும் அதை எழுதவில்லை. உதட்டை எவ்வளவு கவனித்தும் என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை.

நேற்று வேலை இடைவேளையில் வீட்டுக்குப் போன் செய்தேன். உனக்குக் கடை இருக்கிற நேரமாகப் பார்த்து, வேண்டுமென்றேதான். அவர் எடுத்தார். நான் அப்பா என்றேன். "இரு, தம்பிகிட்ட..." என்று ஆரம்பித்து, தம்பி இல்லை என்பது ஞாபகம் வந்து நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். நிற்பதில் அவரை வெல்ல முடியுமா? நான்தான் தோற்றேன்.

"வாலு எல்லாத்தையும் எழுதிட்டான்ப்பா" என்றேன்.

அவர் சொன்னார். "சின்னப் பையன்மா. அவனைத் திட்டாதே. அவன் சொன்னா என்ன, நான் திறந்திருக்கணும்."

அதற்குப் பிறகு அவர்தான் மெல்ல மெல்லக் கேட்டார், அங்கே குளிரா, ரத்தம் எடுக்கிற வேலை கஷ்டமா, மயங்கி விழுகிறவர்களை என்ன செய்வாய் என்று. படத்தில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காட்சி அப்படியே, சத்தம் இல்லாமலே படத்தில் இருக்கட்டும். எதையும் மேலே போட்டு நிரப்பிவிடாதே.

இடைவேளை முடிந்து பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. "சரிப்பா, போயிட்டு வரேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போயிட்டு வாம்மா" என்றார்.

உன் அக்கா