பக்கத்து வீட்டுத் தீனி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

போன மாதம் ஒரு டீச்சர் தன் பூனையை என் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். நடந்தாலே மூச்சு வாங்கும் அளவுக்குக் குண்டு. விசாரித்தால், தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அதற்குத் தீனி போடுகிறாராம். அவரைக் கூப்பிட்டு, "இனிமே நீங்க ஒண்ணும் குடுக்காதீங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

பூனை இளைத்துவிட்டது. நேற்று பெரியவர் வெறுங்கையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இப்பல்லாம் அது நம்ம பக்கமே வர்றதில்ல டாக்டர். நல்லாருக்கா?"

"நல்லாருக்கு" என்றேன். அளவாகப் போடுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்பிவையுங்கள். வாசலில் ஒரு நாய் காத்திருக்கிறது, முடிக்கிறேன். போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டதும் வைத்துவிடாதீர்கள் அம்மா. என்ன சாப்பிட்டேன் என்றும் கேளுங்கள்.

உங்கள் மகள்