கோடிட்ட வாய்க்குறி குறித்து ஆம்பற்கோட்டைக்கு விடுத்த ஓலை

நீர்வளமும் நெறியும் நிலைபெறுக. செங்குவளை நாடு ஆளும் நிலவுமங்கை மாதேவியாரின் திருவாய்மொழிப்படி அமைச்சன் விடங்கன் விடுக்கும் ஓலை. ஆம்பற்கோட்டை காக்கும் கொற்றவேளார் தம் குடிகளோடும் ஏரிகளோடும் நெடிது வாழ்க. உடன்பிறந்தானைத் தம்பி என்று விளிக்க அரச ஓலை இடம் தராது. விடங்கனின் நெஞ்சு அவ்வாறே விளிக்கிறது.

கருநொச்சி நாட்டார் மொழி வேறு, நம் மொழி வேறு ஆதலால், அவர்களோடு செய்த உடன்படிக்கை குறிகளாலேயே எழுதப்பட்டது. அவர்களுக்கு அணை கட்ட நாம் அனுப்பும் கூட்டம் இடப்புறம், ஆம்பற்கோட்டைக் குடிகள் அனைவரும் வலப்புறம், நடுவே குடிகளை நோக்கித் திறந்த வளைந்த வாய், அதன்கீழ் ஒரு கோடு. இடப்புறத்தார் எவராயினும் வலப்புறத்திலும் இருப்பார் என்பதே அதன் பொருள். அவையோர் அதைச் சிலர் என்று கொண்டு தலையாட்டினர். இப்போது வந்த தூதரோ, கோடு இருப்பதால் இரு கூட்டமும் ஒன்றாகவே இருக்கலாம் என்றும், ஆகவே கைக்குழந்தை ஈறாக எல்லோரும் வரவேண்டும் என்றும் உரைத்தனர். அவர்கள் படை ஆற்றுக்கு அப்பால் நிற்கிறது.

 விடங்கனோ, குறி அனைவரையும் அனுப்ப இடந்தருகிறதேயன்றி அனுப்பியே தீரவேண்டும் எனச் சொல்லவில்லை என்று வாதிட்டான். தூதர் அதை ஏற்றனர். நம் படைத்தலைவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆளே இல்லாத வெறுங்கூட்டமும் எக்கூட்டத்துள்ளும் அடங்கும், அதையே அனுப்புவோம் என்றார். கணக்கு சரிதான். ஆனால் இவ்வாண்டுப் பஞ்சத்துக்கு அவர்கள் தரவேண்டிய நெல்லும், அவர்கள் களஞ்சியம் முழுதும் வலப்புறம் நிற்க, அதே கோடிட்ட குறியால்தான் எழுதப்பட்டுள்ளது. நாம் ஒருவரையும் அனுப்பாவிடில், அவர்களும் ஒரு மணி நெல் அனுப்பாமல் உடன்படிக்கை காத்தோம் என்பர்.

விடங்கன் பிறந்தது ஆம்பற்கோட்டை. இன்றும் அவன் அவ்வூர்க் குடியே. ஒருவன் மட்டுமே உள்ள கூட்டமும் கூட்டந்தான். ஆகவே தானே அக்கூட்டமாகச் செல்ல விடை வேண்டினான். மாதேவியார் விடை தந்தருளினார். அவனுக்கு அச்சம் உண்டு. அதை மறைக்க அவன் விரும்பவில்லை. அங்கே நெல்லுக்காக அவன் கையேந்தவும் நேரலாம்.

ஆணையாவது: ஓலை கண்டதும் கோட்டைக் கதவை அடைக்க. குடிகளுள் எவரையும் ஆறு கடக்க விடற்க. மாரிக்குள் விடங்கன் மீளாவிடில் கொற்றவேளார் வாளெடுத்துப் புறப்படுவார் என்பதை அவன் அறிவான். புறப்படற்க. ஒருவர் கூடினும் அது வேறு கூட்டமாகும். தூதர் மீண்டும் கைக்குழந்தைகளைக் கேட்கத் தொடங்குவர்.

மாதேவியாரின் குவளை முத்திரை இடப்பட்டது. இவ்வோலை வந்து சேருமுன் விடங்கன் ஆறு கடந்திருப்பான்.